தம்பிக்கு ஆயுள் தண்டனை: "சாட்சியம் போதாது" என்று அப்பீல் செய்தால் நிற்குமா?

கேள்வி: வக்கீல் அம்மாவுக்கு வணக்கம். விருதுநகர் மாவட்டத்தில் ஒரு கிராமத்திலிருந்து எழுதுகிறேன். பெயரும் ஊரும் போட வேண்டாம். என் தம்பி குட்டியானை வண்டி ஓட்டிப் பிழைத்தவன். எங்கள் தெருவில் வட்டிக்குப் பணம் கொடுத்து வந்த ஒரு பாட்டியம்மா சில வருடங்களுக்கு முன்பு காணாமல் போய், இரண்டு நாள் கழித்துத் தோட்டத்துக் கிணற்றில் பிணமாகக் கிடந்தார். கழுத்தில் சங்கிலி இல்லை. கடைசியாக அவர் தம்பி வண்டியில் ஏறிப் போனதைப் பார்த்ததாக டீக்கடைக்காரர் சாட்சி சொன்னார். ஒரு வாரம் கழித்துத் தம்பியைப் பிடித்தார்கள். அவன் வாக்குமூலம் கொடுத்து, வைக்கோல் படப்பிலிருந்து சங்கிலியை எடுத்துக் கொடுத்தான் என்பது போலீஸ் தரப்பு. அதற்குக் கையெழுத்துப் போட்ட இருவரில் ஒருவர் கோர்ட்டில் பிறழ் சாட்சி ஆகிவிட்டார். இன்னொருவர் தலையாரி. தம்பி சட்டையில் ரத்தம் இருந்தது, ஆனால் என்ன குரூப் என்று தெரியவில்லை என ரிப்போர்ட் வந்திருக்கிறது. போன மாதம் செஷன்ஸ் கோர்ட் ஆயுள் தண்டனை கொடுத்துவிட்டது. "சாட்சியமே போதாது, அப்பீலில் உடைந்துவிடும்" என்கிறார் எங்கள் வக்கீல். "ஜட்ஜே சொல்லிவிட்டார், அப்புறம் என்ன?" என்கிறது ஊர். அம்மா வீட்டை விற்கலாம் என்கிறார். தம்பி நல்லவன் என்று சொல்ல ஊரில் பத்துப் பேர் வருவார்கள். அவர்களை ஐகோர்ட்டுக்கு அழைத்துப் போகலாமா? ஜாமீன் கிடைக்குமா?

பதில்: தங்கச்சி, முதலில் தீர்ப்புத் தேதியைப் பாருங்கள். செஷன்ஸ் கோர்ட் தண்டனைக்கு எதிராக ஐகோர்ட்டில் மேல்முறையீடு செய்ய 60 நாள் அவகாசம். தீர்ப்பின் சான்றிட்ட நகல் வாங்க ஆன நாள்கள் அந்தக் கணக்கில் சேராது. போன மாதம்தான் தீர்ப்பு என்றால் இன்னும் நேரம் இருக்கிறது. தவறிப்போனாலும் காரணம் சொல்லித் தாமதத்தை மன்னிக்கக் கேட்டு மனுப் போடலாம். சிறையில் இருப்பவர் விஷயத்தில் கோர்ட்டுகள் பெரும்பாலும் இரக்கத்தோடுதான் பார்க்கின்றன. ஆனாலும் அந்த நிலைக்குப் போக விடாதீர்கள். தீர்ப்பின் ஒரு நகல் தம்பிக்கு இலவசமாகக் கொடுக்கப்பட்டிருக்க வேண்டும். அடுத்த முறை சிறையில் அவனைப் பார்க்கப் போகும்போது அது அவனிடம் இருக்கிறதா என்று கேளுங்கள்.

அடுத்து, வீட்டை விற்க வேண்டாம் என்று அம்மாவிடம் இன்றைக்கே சொல்லுங்கள். காவலில் இருக்கிற எவருக்கும், வருமானம் எவ்வளவு என்று பார்க்காமல், இலவச வக்கீல் பெற உரிமை உண்டு. 1987-ஆம் வருடத்துச் சட்டப்பணிகள் ஆணையச் சட்டத்தின் 12-ஆம் பிரிவு அதைச் சொல்கிறது. உங்கள் மாவட்டத்து அப்பீல் மதுரைக் கிளைக்கு வரும். அங்கேயே உயர் நீதிமன்றச் சட்டப்பணிகள் குழு இருக்கிறது. தம்பியே சிறைக் கண்காணிப்பாளர் மூலமாக அப்பீல் மனுவைக் கொடுக்கலாம், அதை அவர் கோர்ட்டுக்கு அனுப்பியே ஆக வேண்டும். பழைய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தில் இது 383-ஆம் பிரிவு, அதன் இடத்தில் வந்த இப்போதைய பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவில் 424. இலவச வக்கீல் என்றால் ஏனோதானோ என்று நடத்துவார்கள் என்ற பயம் உங்களுக்கு இருக்கலாம். நன்றாக உழைக்கிறவர்களை அந்தப் பட்டியலில் நான் பார்த்திருக்கிறேன். தனி வக்கீல் வைக்க வசதி இருந்தால் வையுங்கள், ஆனால் கூரையை விற்று வேண்டாம். வக்கீல் வரவில்லை என்பதற்காக அப்பீலைத் தூக்கிப்போட முடியாது, கேஸ் கட்டைப் படித்துத்தான் முடிவு செய்ய வேண்டும் என்று 1996-லேயே பானி சிங் வழக்கில் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது.

"ஜட்ஜே சொல்லிவிட்டார்" என்ற பேச்சுக்கு வருகிறேன். ஆயுள் தண்டனைக்கு எதிரான அப்பீல் யாரும் தரும் சலுகை கிடையாது, அது உரிமை. பழைய சட்டத்தில் 374(2), புதியதில் 415(2). இரண்டு நீதிபதிகள் உட்கார்ந்து, ஒவ்வொரு சாட்சியும் சொன்னதை முதல் வரியிலிருந்து மறுபடி எடை போட வேண்டும். சாட்சியை நேரில் பார்த்தவர் கீழ்க்கோர்ட் நீதிபதி என்பதால் அவர் கருத்துக்கு மதிப்பு உண்டு. அதற்காக அதுவே கடைசி வார்த்தை ஆகிவிடாது. ராஜீவ் காந்தி கொலை வழக்கில் 1998 ஜனவரியில் பூந்தமல்லி தடா கோர்ட் 26 பேருக்கும் தூக்கு என்றது. அடுத்த வருடம் மே மாதம், அதே சாட்சியங்களைப் படித்த உச்ச நீதிமன்றம் அவர்களில் 19 பேரைக் கொலைக் குற்றத்திலிருந்து விடுவித்தது. உங்கள் ஊர்க்காரர்களுக்கு இதைச் சொல்லுங்கள்.

ஆனால் அந்தப் பத்துப் பேரை அழைத்து வர வேண்டாம். அப்பீலில் சாட்சிக் கூண்டு கிடையாது. புதிய சாட்சியத்தைச் சேர்க்க 432-ஆம் பிரிவில் (பழைய 391) வழி உண்டு என்றாலும், அது அபூர்வமாகத்தான் திறக்கிற கதவு. தம்பி நல்லவன் என்பது உங்களுக்குத் தெரியும். நீதிபதிகள் முன்னால் இருக்கப் போவது காகிதம் மட்டும்தான். அந்தக் காகிதத்தில் அரசுத் தரப்பு நிரூபிக்க வேண்டிய எது நிரூபணம் ஆகவில்லை என்பதுதான் மொத்த அப்பீலும். குடும்பத்தார் இந்த இடத்தில்தான் தடுமாறுகிறார்கள். "அவன் அப்படிப்பட்டவன் இல்லை" என்று மனசுக்குள் வாதாடியே மாதங்கள் போய்விடுகின்றன, கேஸ் கட்டை யாரும் திறப்பதில்லை.

நாம் திறப்போம்.

உங்கள் தம்பி வழக்கில் கண்ணால் கொலையைப் பார்த்தவர் யாரும் இல்லை, எல்லாமே சூழ்நிலைச் சாட்சியம். இப்படிப்பட்ட வழக்குகளுக்கு 1984-ல் சரத் பிர்திசந்த் சர்தா வழக்கில் உச்ச நீதிமன்றம் ஐந்து விதிகளை வகுத்தது. இன்றுவரை ஐகோர்ட்டில் சூழ்நிலைச் சாட்சிய அப்பீல் எதுவும் அந்தப் பெயரைச் சொல்லாமல் நடப்பதில்லை. சாரம் இதுதான்: ஒவ்வொரு சூழ்நிலையும் தனித்தனியாக முழுசாக நிரூபிக்கப்பட வேண்டும், எல்லாம் சேர்ந்து ஒரே திசையைக் காட்ட வேண்டும், குற்றவாளி இவர்தான் என்பதைத் தவிர வேறு நியாயமான விளக்கத்துக்கு இடமே இருக்கக் கூடாது. "செய்திருக்கலாம்" என்பதற்கும் "செய்தே இருக்க வேண்டும்" என்பதற்கும் நடுவில் நெடுந்தூரம் இருக்கிறது. சந்தேகம் எவ்வளவு பலமாக இருந்தாலும் அந்தத் தூரத்தை அது கடக்காது.

டீக்கடைக்காரர் ஒற்றைச் சாட்சி என்பதை மட்டும் பிடித்துக்கொண்டு நம்பிக்கை வைக்காதீர்கள். ஒரே ஒரு சாட்சியை நம்பித் தண்டனை கொடுக்கலாம் என்பது நம் மாநிலத்து வழக்கான வடிவேலு தேவர் வழக்கில் 1957-லேயே முடிவான விஷயம். முழுக்க நம்பத் தகுந்தவர், முழுக்க நம்பத் தகாதவர், இரண்டும் இல்லாதவர் என்று சாட்சிகளை மூன்றாகப் பிரித்தது அந்தத் தீர்ப்பு. மூன்றாம் வகைக்குத்தான் வேறு ஆதாரத்தின் துணை வேண்டும். அதனால் "ஒருத்தர்தானே" என்பது வாதம் ஆகாது. அவர் எத்தனை மணிக்குப் பார்த்தார்? பிரேதப் பரிசோதனை டாக்டர் சாவு நேரத்தை எப்போது என்று வைக்கிறார்? இரண்டுக்கும் நடுவில் எத்தனை மணி நேரம்? இந்த இடைவெளி கூடக் கூட, நடுவில் வேறொருவர் வந்திருக்க முடியாது என்று அரசுத் தரப்பால் சொல்ல முடியாமல் போகும். பிணம் கிடைத்தது இரண்டு நாள் கழித்து என்கிறீர்கள். அதோடு, டீக்கடைக்காரர் போலீஸிடம் முதன்முதலில் இதைச் சொன்னது எந்தத் தேதி? காணாமல் போன அன்று ஊரே தேடியிருக்கும், கடையில் பேசாத பேச்சா! அப்போது ஏன் வாய் திறக்கவில்லை? அவர் வாக்குமூலம் மாஜிஸ்திரேட் கோர்ட்டுக்கு எந்தத் தேதியில் போய்ச் சேர்ந்தது என்று அதன் மேல் உள்ள முத்திரையைப் பாருங்கள். தம்பியைப் பிடித்த பிறகுதான் போயிருக்கிறது என்றால் அது பெரிய விஷயம்.

சங்கிலிக்கு வருவோம். போலீஸிடம் கொடுத்த வாக்குமூலம் செல்லாது. அதில் ஒரு பொருளைக் கண்டுபிடிக்க வழிகாட்டிய பகுதி மட்டும் சாட்சியச் சட்டம் 27-ஆம் பிரிவின்படி செல்லும். (புதிய சாட்சியச் சட்டத்தில் இது 23-ஆம் பிரிவுக்குள் வந்துவிட்டது.) இந்த எல்லையைக் கோடு போட்டுக் காட்டியது புலுக்குரி கோட்டய்யா வழக்கு. அன்றைய சென்னை மாகாணத்திலிருந்து, அந்தக் காலத்துக் கடைசி அப்பீல் கோர்ட்டான லண்டன் பிரிவி கவுன்சில் வரை போன வழக்கு. ஈட்டியை வைக்கோல் போரில் ஒளித்து வைத்திருக்கிறேன், காட்டுகிறேன் என்று சொன்னது செல்லும். அதால் குத்தினேன் என்று சொன்னது செல்லாது. உங்கள் தம்பி வழக்கிலும் வைக்கோல் படப்புதான். அங்கே சங்கிலி இருப்பது அவனுக்குத் தெரியும் என்பதற்கு மேல் அந்த வாக்குமூலத்தால் ஒன்றும் நிரூபணம் ஆகாது. கொன்றேன் என்ற வரியைக் கீழ்க்கோர்ட் தீர்ப்பில் எங்காவது ஆதாரமாக எடுத்திருக்கிறார்களா என்று தேடிப் பாருங்கள். இருந்தால் வக்கீலிடம் அந்தப் பக்கத்தை மடித்துக் கொடுங்கள்.

அந்தப் படப்பு யாருடையது? யார் வேண்டுமானாலும் கை விடக்கூடிய திறந்த இடமா? சங்கிலி பாட்டியம்மாவுடையதுதான் என்று அடையாளம் சொன்னது யார், எந்த அடையாளத்தை வைத்துச் சொன்னார்? மகஜரில் (பொருளைக் கைப்பற்றியபோது போலீஸ் எழுதிய பத்திரம்) கையெழுத்துப் போட்ட தலையாரி, வாக்குமூலம் கொடுத்த இடத்திலேயே இருந்தாரா, ஸ்டேஷனுக்கு வரச் சொல்லிக் கையெழுத்து வாங்கினார்களா? குறுக்கு விசாரணையில் அவர் சொன்ன பதிலை வரி வரியாகப் படியுங்கள். நான் படித்த கட்டுகளில் எத்தனையோ மகஜர்கள் அங்கேதான் உடைந்திருக்கின்றன. இன்னொரு சாட்சி பிறழ்ந்துவிட்டார் என்பதால் மட்டும் மகஜர் செல்லாது ஆகாது, அதையும் தெரிந்து வைத்துக்கொள்ளுங்கள்.

உங்களிடம் ஒன்றை மறைக்க மாட்டேன். சங்கிலி கிடைத்ததைக் கோர்ட் நம்பினால், தம்பி அதற்கு விளக்கம் சொல்லாமல் இருந்தால், முழு விடுதலை கிடைக்காமல் போகலாம். கொலையிலிருந்து விடுவித்து, திருட்டுப் பொருளை வைத்திருந்த குற்றத்துக்கு மட்டும் தண்டனை என்று முடியலாம். அது ஆயுளோடு ஒப்பிட்டால் சிறிய தண்டனை. கொலையான வீட்டுப் பொருள் ஒருவரிடம் இருந்தது என்பதை மட்டும் வைத்து அவர்தான் கொன்றார் என்று சொல்லிவிட முடியாது, திருட்டும் கொலையும் ஒரே நேரத்தில் நடந்ததாகவே இருக்க வேண்டும் என்பதில்லை என்று சன்வத் கான் வழக்கில் உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கிறது. உங்கள் வக்கீலிடம் இந்த வழக்கின் பெயரைக் கேளுங்கள்.

ரத்தம் என்ன குரூப் என்றே தெரியாத சட்டை மட்டும் பாட்டியம்மாவோடு தம்பியைச் சேர்த்துவிடாது. அதைப் பற்றி அதிகம் கவலைப்பட வேண்டாம்.

கடைசியாக, விசாரணை முடிந்ததும் நீதிபதி தம்பியிடம் நேரடியாகக் கேட்ட கேள்விகள் இருக்கும், பழைய சட்டத்தின் 313-ஆம் பிரிவை வைத்து 313 கேள்விகள் என்போம். அவனுக்கு எதிரான ஒரு சூழ்நிலையை அங்கே அவனிடம் கேட்காமல் விட்டுவிட்டு, தீர்ப்பில் மட்டும் எடுத்திருந்தால், அதைப் பயன்படுத்தக் கூடாது என்று வாதாட இடம் உண்டு. அந்தத் தாள்களைக் கட்டாயம் வாங்குங்கள்.

இப்படி ஒவ்வொன்றாகப் பார்த்தால் விடுதலை வருமா? வந்திருக்கிறது. 2011-ல் தேனி மாவட்டம் சுருளி அருவிப் பக்கம் ஓர் இளம் ஜோடி கொலையானது உங்களுக்கு நினைவிருக்கும். அந்த வழக்கில் ஒருவருக்கு 2018-ல் தூக்கு, 2019-ல் மதுரைக் கிளையும் அதை உறுதி செய்தது. 2025 ஜூலையில் உச்ச நீதிமன்றம் அவரை விடுவித்தது. அதுவும் சூழ்நிலைச் சாட்சிய வழக்குதான். டி.என்.ஏ. ஆதாரம்கூட இருந்தது. ஆனால் எடுத்த மாதிரிகள் எங்கே, யார் கையில், எந்த நிலையில் இருந்தன என்பதற்குச் சரியான கணக்கு இல்லை. ஆய்வகத்துக்குப் போகத் தாமதம். விஞ்ஞானம் பொய் சொல்லாது என்று நாம் நினைக்கிறோம், ஆனால் டப்பா நடுவில் யார் கையிலிருந்தது என்று சொல்ல முடியாவிட்டால் அந்த விஞ்ஞானத்தால் பயனில்லை. மாதிரி 48 மணி நேரத்துக்குள் ஆய்வகம் போய்ச் சேர வேண்டும், கை மாறுவதை எல்லாம் பதிவேட்டில் எழுத வேண்டும் என்று நாடு முழுவதற்கும் உத்தரவு போட்டது அந்தத் தீர்ப்பில்தான். நடுவில் எத்தனை வருடம் போனது என்றும் பாருங்கள். அதற்காகத்தான் தேதியைப் பற்றி முதலிலேயே சொன்னேன்.

ஜாமீன் என்று நீங்கள் கேட்பதற்குப் பெயர் தண்டனையை நிறுத்திவைத்தல். அப்பீலோடு சேர்த்தே 430-ஆம் பிரிவில் (பழைய 389) மனுப் போட வேண்டும். ஆயுள் தண்டனை வழக்கு என்பதால் அரசு வக்கீலுக்கு எழுத்தில் ஆட்சேபம் சொல்ல வாய்ப்புக் கொடுத்த பிறகுதான் முடிவு செய்வார்கள். கொலை வழக்கில் எளிதில் கிடைக்காது. தீர்ப்பைப் படித்த மாத்திரத்திலேயே ஓட்டை தெரிந்தால் வாய்ப்பு அதிகம். விசாரணைக் காலத்தில் தம்பி ஜாமீனில் வெளியே இருந்து ஒழுங்காகக் கோர்ட்டுக்கு வந்திருந்தால் அதையும் எழுதுங்கள். முதல் முறை தள்ளுபடியானால் மனசு விட வேண்டாம். அப்பீலை நியாயமான காலத்துக்குள் விசாரிக்க முடியாத கோர்ட், அதுவரை ஒருவரைச் சிறையிலேயே வைத்திருப்பது நியாயமா என்று 1977-ல் காஷ்மீரா சிங் வழக்கில் உச்ச நீதிமன்றமே கேட்டது. காலம் கடந்தால் மறுபடி மனுப் போடலாம்.

உங்கள் வேலை இதுதான்: பழைய வக்கீலிடம் கேஸ் கட்டை முழுசாக வாங்குங்கள். அவர் மேல் கோபம் இருந்தாலும் காட்ட வேண்டாம், கட்டு முக்கியம். சாட்சிகளின் வாக்குமூலம், மகஜர், பிரேதப் பரிசோதனைச் சான்று, ரத்தப் பரிசோதனை ரிப்போர்ட், 313, தீர்ப்பு. ஊரில் எந்தச் சாட்சியிடமும் போய்ப் பேசாதீர்கள், குறிப்பாக டீக்கடைக்காரரிடம். மிரட்டினார்கள் என்று ஒரு புகார் வந்தால் எல்லாம் கெட்டுவிடும்.

கேள்வி: வரப்புத் தகராறில் பக்கத்துத் தோட்டத்துக்காரரை அடித்ததாக என் கணவருக்கு மாஜிஸ்திரேட் கோர்ட் ஒரு வருடம் தண்டனை கொடுத்திருக்கிறது. சாட்சி சொன்ன நால்வரும் அவருடைய சொந்தக்காரர்கள். ஐகோர்ட்டுக்குப் போகலாமா? (வாசகி, திண்டுக்கல் மாவட்டம்)

பதில்: ஐகோர்ட்டுக்குப் போவது அப்புறம்தான். மாஜிஸ்திரேட் தண்டனைக்கு அப்பீல் செஷன்ஸ் கோர்ட்டில், 30 நாளுக்குள். தண்டனை மூன்று வருடத்துக்குள் என்பதால், விசாரணையின்போது கணவர் ஜாமீனில் இருந்திருந்தால், அப்பீல் போடும்வரை மாஜிஸ்திரேட்டே தண்டனையை நிறுத்தி வைக்க முடியும். சாட்சிகள் சொந்தக்காரர்கள் என்ற ஒரே வாதத்தோடு போகாதீர்கள். சொந்தக்காரர் என்பதற்காகவே பொய்ச் சாட்சி ஆகிவிட மாட்டார் என்று கோர்ட்டுகள் திரும்பத் திரும்பச் சொல்லிவிட்டன. காயச் சான்றில் டாக்டர் எழுதியதும் சாட்சிகள் சொன்ன அடியும் பொருந்துகிறதா என்று பாருங்கள். செஷன்ஸ் கோர்ட்டிலேயே முழு பலத்தையும் காட்டுங்கள், ஏனென்றால் அதற்குப் பிறகு ஐகோர்ட்டில் இருப்பது சீராய்வு மனு. அங்கே சாட்சியத்தைப் பொதுவாக மறுபடி எடை போட மாட்டார்கள். சாதாரணக் காயம் என்ற பிரிவு மட்டும்தான் என்றால், அப்பீல் நடக்கும்போதுகூடக் கோர்ட் அனுமதியோடு சமரசம் ஆகலாம். பக்கத்துத் தோட்டம், ஒரே வரப்பு. யோசித்துப் பாருங்கள்.

கேள்வி: என் அப்பாவைக் கொன்றவர்கள் என்று கீழ்க்கோர்ட் தண்டித்த இருவரை, சாட்சியம் போதாது என்று ஐகோர்ட் விட்டுவிட்டது. அப்படியானால் அப்பாவை யாருமே கொல்லவில்லையா? எங்களுக்கு இனி ஒன்றுமே இல்லையா? (வாசகி, சிவகங்கை மாவட்டம்)

பதில்: உங்கள் கேள்வியைப் படித்துவிட்டுக் கொஞ்ச நேரம் எழுத முடியவில்லை. அப்பாவைக் கொன்றார்கள், அதில் யாருக்கும் சந்தேகம் இல்லை. இந்த இருவர்தான் என்று காட்ட அரசுத் தரப்பு கொண்டுவந்தது போதவில்லை என்பது மட்டும்தான் தீர்ப்பு. உங்கள் கோபம் நியாயமானது. அதைச் சரியான இடத்தில் வையுங்கள்: மகஜரைச் சரியாக எழுதாதவர்கள், மாதிரியைச் சரியாக அனுப்பாதவர்கள், சாட்சியைக் காப்பாற்றாதவர்கள் மேல்.

வழி இருக்கிறது. ஐகோர்ட் விடுதலைக்கு எதிராக உச்ச நீதிமன்றத்தில் சிறப்பு அனுமதி மனு போடலாம், 90 நாளுக்குள். அரசு போடலாம், நீங்களும் அனுமதி கேட்டுப் போடலாம். அரசு போடப் போகிறதா என்று அரசு வக்கீல் அலுவலகத்தில் எழுதிக் கொடுத்துக் கேளுங்கள், பேசிவிட்டு வந்துவிடாதீர்கள். ஆனால் விடுதலையை உச்ச நீதிமன்றம் லேசில் கலைப்பதில்லை. இரண்டு விதமாகப் பார்க்க இடம் இருந்தால் குற்றம் சாட்டப்பட்டவருக்குச் சாதகமான பார்வைதான் நிற்கும். ஐகோர்ட் தீர்ப்பு எந்தச் சாட்சியத்தைப் பார்க்காமலே விட்டது என்று காட்ட முடிந்தால்தான் மனு பிழைக்கும்.

இன்னொன்றைப் பலர் கேட்பதே இல்லை. வழக்கு விடுதலையில் முடிந்தாலும் பாதிக்கப்பட்ட குடும்பத்துக்கு இழப்பீடு கொடுக்கப் பரிந்துரைக்கக் கோர்ட்டுக்கு அதிகாரம் உண்டு. பழைய சட்டத்தில் 357ஏ, புதியதில் 396. குற்றம் சாட்டப்பட்டவருக்குத் தண்டனை கிடைத்தால்தான் பணம் என்ற கட்டாயம் அதில் இல்லை. மாவட்டச் சட்டப்பணிகள் ஆணைக்குழுவுக்கு, முதல் தகவல் அறிக்கை நகல், அப்பாவின் இறப்புச் சான்று, வாரிசுச் சான்று, இரண்டு கோர்ட்டுத் தீர்ப்பு ஆகியவற்றோடு போங்கள். மனு எழுதவும் அங்கேயே உதவுவார்கள், கட்டணம் இல்லை.